காதில் போனை வைத்துச் செய்த ஜெபம்

"தனியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு பேசிப் பழகுங்கள்" என்று எங்கள் சபைப் போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் உள்தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு குளியலறைக் கதவு. அங்கேயும் முயன்று பார்த்தேன். "உள்ள இன்னா பண்ணிகினு கீற? தண்ணி சத்தமே கேக்கல!" என்று மனைவி கதவைத் தட்டினாள். ஆமென் சொல்லாமலே வெளியே வந்தேன்.

மனதுக்குள் ஜெபிக்க எனக்கு வராது. செங்கல்பட்டில் குழாய்ச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணை மூடினால் முக்கால் இஞ்சு எல்போவை எந்த அலமாரியில் வைத்தோம் என்பதுதான் ஞாபகம் வரும். வாய்விட்டுப் பேசினால் மனம் நிற்கும். ஆனால் சபையில் நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னால் பின்வரிசைக்கு நழுவிவிடுவேன்.

அந்தச் சமயம் எனக்கு ஜெபிக்க ஒரு காரணமும் இருந்தது. பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் அரியர் வைத்துவிட்டான். போனில் அவனுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். அதிலிருந்து நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அம்மாவோடு மட்டும் பேசுவான். அவன் மறுபடி என்னோடு பேச வேண்டும். அதுதான் என் விண்ணப்பம்.

வழி காட்டியது திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் காலை பஸ். அதில் பாதிப் பேர் போனில் கத்திக்கொண்டுதான் வருவார்கள். நிலத் தகராறு, மாமியார் சண்டை எல்லாம் பஸ்ஸுக்கே கேட்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் நானும் போனைக் காதில் வைத்தேன். யாரையும் அழைக்கவில்லை. மெல்லிய குரலில் ஜெபிக்க ஆரம்பித்தேன்.

ஒரு சிக்கல் வந்தது. "தேவரீர், கிருபை பாராட்டும்" என்று போனில் யார் பேசுவார்கள்? "நீங்க" என்று மாற்றினேன். மாற்றியதும் பாதி ஜெபம் காணாமல் போய்விட்டது. மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்த அழகான வார்த்தைகள் ஒன்றும் அதோடு ஒட்டவில்லை. "பையன் பேச மாட்டேன்றான். ஏதாவது பண்ணுங்க" என்பது மட்டும் மிஞ்சியது.

பக்கத்தில் தினமும் உட்காருபவர் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். என் வயதுதான். ஒருநாள் என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணாத்த, தப்பா நெனைக்காத. நீயே பேசிகினு கீற. அந்தாண்ட கீறவருக்கும் கொஞ்சம் சான்ஸ் குடுப்பா. பாவம்."

வேஷம் கலைந்தால் எனக்கு வேறு அறை கிடையாது.

மறுநாளிலிருந்து நடுநடுவே நிறுத்தி "ம்... ம்..." என்றேன். நடிப்பு இன்னும் பொருந்தட்டும் என்று, "ஹலோ, லைன்ல கீறீங்களா?" என்றும் கேட்டேன். கேட்டதும் என்னவோ போலாகிவிட்டது. அதுவரை ஆண்டவரிடம் நான் கேட்டதிலேயே அதுதான் உண்மையான கேள்வி.

நிறுத்திய இடங்களில் முதலில் ஜன்னல் வழியே வயலையும் பிளாட் போட்டு நட்ட கற்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். போகப் போக அந்த மௌனம் பழகிவிட்டது. குரல் எதுவும் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னால் பொய். ஆனால் நான் பேசியதெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. மகனிடம் பேசியதும் வந்தது. அதில் அவன் ஒரு "ம்" போடக்கூட இடமில்லை.

ஒரு நாள் மும்முரமாக "ம்" போட்டுக்கொண்டிருக்கும்போது, காதிலேயே போன் மணி அடித்தது. முன்சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பேசிக்கொண்டிருக்கும் போன் எப்படி அடிக்கும்?

"இன்னா சார், இவ்ளோ நாளா யார்கூட பேசிகினு வந்த?" என்று கண்டக்டர் சிரித்தார்.

திரையில் மகன் பெயர். எடுத்தால் மானம் போகும். எடுக்காவிட்டால் அவன் மறுபடி கூப்பிடுவானோ, மாட்டானோ. பாய் முழங்கையால் இடித்தார்.

"எடுபா. அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

எடுத்தேன். "சொல்லுடா" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. அவனும் பேசவில்லை. பஸ் ஒரு நிறுத்தத்தில் ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பியது.

"ப்பா? லைன்ல கீறியா?"

"கீறேன்டா. நீ பேசு."

அவன் பேசினான். செங்கல்பட்டு வரைக்கும் "ம்" மட்டும் போட்டேன். அதில்தான் எனக்கு நல்ல பழக்கம் ஆகியிருந்ததே.

மறுநாள் வெட்கத்தில் போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா, இன்னைக்கு லீவா?" என்றார் பாய்.

"எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சே பாய்."

"எனக்கு மொதல்லயே தெரியும். தெனம் ஆமென்னு சொல்லிட்டுத்தான போனை வைக்கிற? எடு, எடு. போன் இல்லாம பேசினாத்தான் பைத்தியம்பாங்க."

எடுத்தேன். மறுபடி காதில் அடித்துத் தொலைக்கக் கூடாதே என்று சைலன்டில் போட்டேன். காது வரைக்கும் கொண்டுபோய், திரும்ப இறக்கி, சைலன்டை எடுத்துவிட்டேன். பையன் கூப்பிட்டாலும் கூப்பிடுவான். ஆண்டவர் கொஞ்ச நேரம் லைனில் காத்திருக்க மாட்டாரா என்ன?