பவுனம்மாள் கட்டிய பெஞ்சு

பவுனம்மாள் இருபத்திரண்டு வருஷம் சித்தாள். திருவிடைமருதூருக்கு வடக்கே ஆலங்கொல்லையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் எழும்பிய வீடுகளில் பாதிக்கு மணலும் செங்கல்லும் அவள் தலையில்தான் ஏறிப் போயின. சாரத்தின் கீழே நின்று பார்த்துப் பார்த்தே கட்டுவேலை அவள் கையில் படிந்துவிட்டது. இராஜாங்கம் மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரத்தில் ஒருமுறை இரண்டு வரிசை செங்கல் வைத்துவிட்டாள். திரும்பி வந்தவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அதன்மேலேயே மூன்றாவது வரிசையைத் தொடங்கினார்.

அந்த வாரமே கும்பகோணம் போய்க் கலவை பூசும் கரணை ஒன்று வாங்கி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவள் கணவன் வைரக்கண்ணு கண்டுபிடித்துவிட்டான்.

"இத வச்சு என்ன பண்ணப்போற? தோசை திருப்பவா?"

"முதல்ல ஒன் வாயப் பூசப்போறேன்" என்றாள்.

போன வருஷம் சம்பா அறுவடை முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம், மூடிக்கிடந்த ரைஸ் மில்லை ஒரு குழுவினர் எடுத்துச் சரிசெய்தார்கள். கலைஞர்கள் வந்து ஊரோடு தங்க வேண்டும். ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். அது ஊருக்குள் சமாதானத்துக்கும் சமூக நீதிக்கும் உதவ வேண்டும். இதுதான் அவர்கள் திட்டம். முதல் ஆளாக வந்தவள் ப்ரியம்வதா. சென்னையில் பீங்கான் வேலை செய்கிறவள், இரண்டு மாதம் தங்க வந்திருந்தாள்.

மில்லில் கூட்டம் போட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்த ஊர்ல எல்லாரும் ஒண்ணா உட்கார்ற எடம் எதுங்க?"

மில்லின் சமையல்கட்டுச் சுவருக்குக் கலவை சுமந்துகொண்டிருந்த பவுனம்மாள்தான் சட்டியை இறக்காமலே சொன்னாள்: "அப்புடி ஒண்ணு கெடையாதும்மா. பஸ்ஸுக்குக்கூட தெருத்தெருவாத்தான் நிக்கிறோம்."

உண்மைதான். பஸ் ஸ்டாப் நிழற்குடையில் பெரிய தெருக்காரர்கள் நிற்பார்கள். கீழத்தெருக்காரர்கள் நாற்பதடி தள்ளிப் பூவரச மரத்தடியில். யாரும் சட்டம் போட்டதில்லை, யாரும் மாற்றியதும் இல்லை. அன்றைக்கே முடிவாயிற்று: நிழற்குடையிலிருந்து பூவரசு வரைக்கும் ஒரே பெஞ்சு. மேலே பதிக்க வீட்டுக்கு வீடு உடைந்த பீங்கானும் டைல்ஸ் துண்டும்.

இராஜாங்கம் மேஸ்திரி கையை விரித்தார். "பீங்கான் ஒட்டுறதெல்லாம் கொத்தனார் வேலையா?"

"நான் கட்டுறேன்" என்றாள் பவுனம்மாள். நாலு பேர் சிரித்தார்கள். ப்ரியம்வதா சிரிக்கவில்லை; "எப்ப ஆரம்பிக்கலாம்க்கா?" என்றாள்.

அடித்தளம் போடும் நாளில் டீக்கடை தியாகராசன் ஒரு பழைய மரப்பெட்டியைத் தூக்கிவந்தார். உள்ளே தடித்த கண்ணாடி கிளாஸ்கள். அவர் அப்பா காலத்தில் கீழத்தெரு ஆட்களுக்கென்று கடைக்கு வெளியே தனியாக வைத்திருந்தவை. பவுனம்மாளின் அப்பா அதில்தான் குடித்தார், குடித்துவிட்டு அவரே கழுவியும் வைத்தார்.

"இத்தனை வருஷமா பரண்ல கெடந்துது. எறியவும் மனசு வரல, வச்சுக்கவும் கூசுது" என்றார் தியாகராசன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"கண்ணாடி உட்கார்ற எடத்துல குத்தும்ங்க. அடியில போட்டுடுறேன்."

பதினோரு கிளாஸ். சாக்கைப் போர்த்தி ஒவ்வொன்றாக உடைத்தாள். உதவிக்கு வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். கடைசிக் கிளாஸ் உடைந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "ம், கலவையக் கொண்டாங்க" என்றாள்.

சிக்கல் பீங்கானில் வந்தது. பெரிய தெரு மங்களாம்பிகை டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நீலப்பூப் போட்ட கோப்பைகள் நிறைய அனுப்பியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை: தங்கள் தெருத் துண்டுகள் நிழற்குடைப் பக்கம்தான் இருக்க வேண்டும். இதைக் கேட்ட கீழத்தெரு மதிவாணன் எகிறினான். "அப்ப எங்களுது மரத்தடியிலயா? அதுக்கு எதுக்குப் பெஞ்சு?"

இரண்டு பக்கமும் குரல் உயர, பவுனம்மாள் எழுந்தாள். இரண்டு தெரு மூட்டையையும் ஒரே சாக்கில் கவிழ்த்தாள். வாயைக் கட்டினாள். சுத்தியலால் நாலு பக்கமும் சாத்தினாள். பிறகு தார்ப்பாயில் கொட்டினாள்.

"இனிமே பிரிச்சு எடுக்கிறவங்க எடுத்துக்கங்க. எனக்கு வெயில் ஏறுது."

விஷயம் கேட்டு டீச்சர் குடையோடு வேகமாக வந்தார். குனிந்து தன் நீலப்பூவைத் தேடினார். ஒரு துண்டு கிடைத்தது, அதன் மறுபாதியைக் காணோம். "ஏன்டி, கோப்பையை இப்படியா நொறுக்குவே?" என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்து தேட ஆரம்பித்தவர், கிடைத்த துண்டை யாரோ வீட்டுச் சிவப்புத் துண்டோடு பொருத்திப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் வெயிலுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மூன்றாம் நாள் மதிவாணனிடம், "அந்தப் பச்சையை எடுப்பா, அது இல்ல, பக்கத்துல" என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டாம் நாள் பெஞ்சு முடிந்தது. இராஜாங்கம் மேஸ்திரி தற்செயலாக வந்தவர்போல வந்தார், கையில் ரசமட்டம். நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. "ம்" என்றார். போகும்போது, "ஓரத்துக்கு இன்னொருதரம் தண்ணி காட்டு, வெடிச்சிரும்" என்றார். சித்தாளிடம் அவர் வேலை நுணுக்கம் பேசியது அதுதான் முதல்தடவை.

பெஞ்சு காய்ந்த மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கூட்டம் வழக்கம்போல இரண்டாக நின்றது. பெஞ்சு மட்டும் பளபளவென்று காலியாகக் கிடந்தது. ப்ரியம்வதா முகம் வாடிவிட்டது. பவுனம்மாளுக்கோ இடுப்பு விட்டுப்போயிருந்தது. போய் நட்டநடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே ஒரு குடை வந்து நின்றது.

"முழு பெஞ்சும் ஒனக்குத்தானா? கொஞ்சம் தள்ளு பவுனு, முட்டி வலிக்குது" என்றார் டீச்சர்.

அதன்பின் ஒருவர், இருவர் என்று வந்தார்கள். இன்றைக்கும் சிலர் நின்றுகொண்டேதான் பஸ் ஏறுகிறார்கள். ஆனால் அவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. கீரைக்காரி கூடை வைப்பதும், செல்போனில் துபாய்க்குப் பேசுவதும், சீட்டுப் பிடிப்பதும் எல்லாம் இப்போது அங்கேதான்.

குழுவினர் பவுனம்மாளை அடுத்தபடியாக ஊரில் தங்கி வேலை செய்யும் கலைஞராகவே அழைத்தார்கள், பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஊருக்கு. கீழத்தெரு கயல்விழியைச் சித்தாளாகக் கூட்டிக்கொண்டு போனாள். கரணை கற்றுத்தருவதாக முதல்நாளே சொல்லிவிட்டாள்.

இடத்தைக் காட்டவந்த தோப்புக்காரர் அவளைத் தாண்டி வேனுக்குள் எட்டிப்பார்த்தார். "கொத்தனார் வரலியாம்மா?"

"வந்தாச்சுங்க" என்றாள் பவுனம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. "தண்ணி எங்க எடுக்கிறதுன்னு சொல்லுங்க. வேலைய ஆரம்பிப்போம்."