சரிதாவின் காமிக்ஸ் நோட்டு

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஏப்ரல் மாதம் சரிதா முதன்முதலாக ஒரு சுடிதார் தைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. ஊட்டிக்கு சீசன் பார்க்க வரும் காலேஜ் பெண்களைத் தவிர அந்தப் பக்கத்தில் அதை யாரும் போட்டதில்லை. கோத்தகிரி பஜாரில் டெய்லர் கடை வைத்திருந்த பியாட்ரிஸ் அக்காவுக்கும் அதன் வெட்டு தெரியாது. சரிதாவே ஒரு பேப்பரில் படம் வரைந்து, தோளில் எவ்வளவு உப்பல், கையில் எத்தனை சுருக்கு என்று குறித்துக் கொடுத்தாள். துணி கரும்பச்சை. மே மாதம் மலர்க்கண்காட்சிக்கு அதைப் போட்டுக்கொண்டு போவதாகத் திட்டம்.

அவள் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். நான்கு வயதில் அப்பா வடிவேலும் அம்மா சின்னம்மையும் அவளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து சுற்றிச் சுற்றி, கடைசியில் கட்டபெட்டு பக்கம் ஒரு லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், வந்து சேர்ந்தார்கள். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கொழுந்து எடுத்தார்கள். பன்னிரண்டாவது முடித்த சரிதா மட்டும் கோத்தகிரியில் கருப்புசாமி என்பவரின் கேசட் கடைக்கு வேலைக்குப் போனாள். வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தரும் கடை. யார் என்ன பாட்டு கேட்பார்கள், எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவளுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. காமிக்ஸ். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பழைய புத்தகங்களை வாங்கிப் படித்துப் படித்து, ஒருநாள் தானே வரைய ஆரம்பித்துவிட்டாள். கோடு போடாத நோட்டில் கட்டம் கட்டி, பேனாவால் படம் போட்டு, பேச்சுகளைக் குமிழிக்குள் எழுதுவாள். கதாநாயகி பெயர் மேகலா. பகலில் கொழுந்து எடுப்பாள். மூடுபனி இறங்கினால் முகமூடி மாட்டிக்கொண்டு அநியாயக்காரர்களைத் துரத்துவாள். லயத்துப் பெண்கள் அந்த நோட்டுகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கிழியும்வரை படித்தார்கள்.

அந்தக் கோடையில் தேர்தல். ஜீப்புகள் மலைப்பாதையெல்லாம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றின. எல்லாக் கட்சிக்காரர்களும் லயத்துக்கு வந்து வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். சரிதா அதை வைத்தே ஆறாவது நோட்டு வரைந்தாள். வீடு தருவதாக ஏமாற்றிய ஒரு மந்திரி மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். மாலை போடுகிற பெண்களோடு மேகலாவும் வரிசையில் நிற்கிறாள். கிட்டே போனதும் ஒரு புகைக்குண்டை வீசுகிறாள். புகை விலகும்போது மந்திரி வேட்டியில்லாமல் நிற்கிறார். அவ்வளவுதான் கதை. படித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘கதையும் படமும்: சரிதா, கட்டபெட்டு’ என்று போட்டிருந்தாள்.

மே மாதம் இருபத்திரண்டாம் தேதி காலை அவள் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கருப்புசாமி பாதி இறக்கிய ஷட்டருக்குள் ரேடியோவில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள்.

“ஊட்டுக்குப் போயிரும்மா. பஸ்ஸெல்லாம் நிறுத்திப் போடுவாங்க” என்றார்.

பஸ் அதற்குள் நின்றிருந்தது. கட்டபெட்டு வரை நடந்தாள். வழியில் ஒரு கொடிக்கம்பம் வெட்டிக் கிடந்தது. டயர் எரிகிற நாற்றம் பனியோடு கலந்து தொண்டையில் இறங்கியது. பயந்தாள்தான், ஆனாலும் ஊரே பயந்திருந்த நாளில் அது தனியாகத் தெரியவில்லை.

அவளுக்கென்று தனியாகப் பயம் வந்தது பேப்பரில் அந்தக் கூட்டத்தில் எடுத்த படம் வந்த பிறகு. மாலையோடு நின்ற ஒரு பெண்தான் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்று எழுதியிருந்தார்கள். இலங்கைத் தமிழ்ப் பெண்ணாம். பச்சைச் சுடிதாராம்.

அன்று சரிதா கடையில் இருந்தாள். பேப்பரைப் படித்து முடித்த கருப்புசாமி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஏழெட்டு கேசட்டுகளை எடுத்தார். இலங்கை இயக்கங்களின் பாட்டுகள். இரண்டு வருஷம் முன்புவரை பஸ் ஸ்டாண்டிலேயே சத்தமாகப் போட்டு விற்ற சரக்கு. நாடாவை உருவி உருவி ஒரு சாக்கில் அமுக்கினார்.

“ஏம்மா சரிதா, நீ கொஞ்ச நாளைக்குக் கடைக்கு வர வேண்டாம்மா. தப்பா நெனச்சுக்காத. சிலோன்காரங்க யாராச்சும் வேலைல இருக்காங்களான்னு போலீஸ்ல கேட்டுட்டுப் போயிருக்காங்க.”

“சரிங்க” என்றாள்.

லயத்துக்குப் போலீஸ் ஜீப் வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த குடும்ப அட்டையைக் காட்டச் சொன்னார்கள். அட்டை இருந்தவர்களையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று மாலையே சின்னம்மை சுடிதாரை எடுத்து நான்காகக் கிழித்து அடுப்பில் வைத்தாள். ஒருநாள்கூட வெளியே போட்டுப் போகாத உடுப்பு. சரிதா தடுக்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் ஆறாவது நோட்டின் மேல் இருந்தது. மாலை, மேடை, குண்டு, தன் பெயர், தன் ஊர். அது இப்போது யார் கையில் இருக்கிறது?

பக்கத்து வீட்டு செல்வியிடம்தான் கொடுத்திருந்தாள். செல்வி பியாட்ரிஸ் அக்காவிடம் தையல் கற்றுக்கொண்டிருந்தாள். கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது.

“பாவாடை தைக்க வந்த ஒரு புள்ள கெஞ்சிக் கேட்டுச்சு, குடுத்துட்டேன். மனிஷான்னு பேரு. அரவேணுவுல பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நீல கேட் வீடாம். அவங்கப்பாவுக்கு என்னமோ கவர்மென்ட்டு வேலையாம்.”

மூன்று நாள் சரிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. விறகு லாரி ஏறினாலும் ஜீப் மாதிரியே கேட்டது. நான்காம் நாள், போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று கிளம்பினாள். சின்னம்மை வாசல்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“புள்ள, வழியில ஒருத்தரோடயும் கதைக்காத. வாயத் தொறந்தா நம்ம ஊருப் பேச்சு தெரிஞ்சிரும்.”

கோத்தகிரியில் பஸ் மாறி உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டியதும் சாலையில் பீப்பாய் வைத்து மறித்திருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு வரிசை முன்னால் இருந்த முப்பது வயது மதிக்கத்தக்க ஆள் ஒருவர், “வேல தேடிப் போறேனுங்க ஐயா. கார்டு ஊட்ல கெடக்கு, இப்ப காட்ட ஏலாது” என்றார்.

“ஏலாதா? சிலோன்காரனா? எறங்கு.”

“ஐயா, புள்ளைங்க இருக்குங்க…”

பையோடு இறக்கினார்கள். அவருடைய குடை சீட்டிலேயே கிடந்தது. யாரும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. சரிதாவும் கொடுக்கவில்லை.

“நீ எங்கம்மா போற?”

கருப்புசாமியின் மனைவி சுசீலா எப்படிப் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாகத் தினமும் கேட்ட கொங்குப் பேச்சு. பாட்டியை அம்மிச்சி என்பாள்.

“அரவேணுக்குங்க. எங்க அம்மிச்சி ஊட்டுக்குப் போறனுங்க.”

“அம்மிச்சிக்கு என்ன?”

“மேலுக்குச் சொகமில்லீங்க. பார்த்துப்போட்டு உடனே திரும்பிருவனுங்க.”

போலீஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த சீட்டுக்குப் போனார். பஸ் நகர்ந்தபோது சரிதா ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். இறக்கப்பட்ட ஆள் சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

நீல கேட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு வைத்த பிறகுதான் கொடியில் காய்ந்த துணியைக் கவனித்தாள். காக்கிச் சட்டை. காக்கி பேன்ட். கவர்மென்ட் வேலை.

திரும்பி ஓடியிருப்பாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது. பனியனும் லுங்கியுமாக ஒருவர் நின்றார். பல நாள் தூங்காத கண்கள். அவர் பெயர் கீர்த்திவாசன் என்றும், போலீஸில் ஏட்டு என்றும் பின்னால்தான் தெரிந்தது.

“யாரும்மா?”

“மனிஷா இருக்காங்களா? ஒரு நோட்டு… நோட்டு வாங்க வந்தனுங்க.”

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண் ஒன்று அழுது வீங்கிய முகத்தோடு நின்றது.

“உள்ள வா” என்றார்.

நோட்டு மேசைமேல் இருந்தது. மேடைப் பக்கம் விரித்தபடி. அவர் முதல் பக்கத்தைத் திருப்பி, “இது நீயா?” என்று பெயர்மேல் விரலை வைத்தார்.

“ஆமாங்க.”

“நேத்துத்தான் இதைப் பார்த்தேன். இதை ஸ்டேஷன்ல கொண்டுபோய் வெச்சா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? என் பொண்ணு கையில ஒரு வாரமா இருந்திருக்குது. அவளையும்தான் கேப்பாங்க. எனக்கும் வேலை போகும்.”

“விளையாட்டுக்கு வரைஞ்சதுங்க. ஏப்ரல் மாசமே வரைஞ்சதுங்க.”

“அதை யாரு நம்புவா?” அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. “கொல்லப்பக்கம் அடுப்பு எரியுது. நீயே ஒவ்வொரு பக்கமா கிழிச்சுப் போடு. என் கண்ணு முன்னால போடு.”

நோட்டை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் கொல்லைக்குப் போனாள். மேகலாவின் முகமூடிக்கு மட்டும் இரண்டு நாள் மை தீட்டியிருந்தாள். கிழிக்க விரல் ஓடவில்லை. தன்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

“ஏலாதுங்க சார்.”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்தது.

“எந்தத் தோட்டம்?” என்றார் ஏட்டு.

“ஹட்டன் பக்கம் சார். நாலு வயசுல வந்துட்டோம். கார்டு இருக்கு.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு நோட்டை அவள் கையிலிருந்து வாங்கி, முதல் பக்கத்தை அவரே கிழித்துத் தீயில் வைத்தார். பெயர் எரிந்தது. மீதியை அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். நாற்பது பக்கம். மனிஷா விசும்பிக்கொண்டே நின்றது.

“உன்னை நான் பார்க்கல. நீ இங்க வரல” என்றார். “இன்னொண்ணு கேட்டுக்க. அந்த வார்த்தையை வெளியில எங்கயும் சொல்லாத.”

சரிதா பஸ்ஸில் ஏறாமல் தேயிலைக்குள் புகுந்து நடந்தே கோத்தகிரி வந்து, அங்கிருந்து வீடு சேர்ந்தாள். நோட்டு சாம்பலாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

குடும்ப அட்டை கையில் இருந்தும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அந்த ஐந்து நாளும் சரிதா மூலையில் உட்கார்ந்து ஒரே கணக்கைத்தான் போட்டாள்: ஏட்டு மனசு மாறிச் சொல்லிவிட்டாரா? மனிஷா பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது உளறிவிட்டதா? பஸ்ஸில் வந்த போலீஸ்காரர் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே வந்தாரா? அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லவும் பயம்.

ஆறாம் நாள் பகலில் வடிவேல் நடந்து வந்தார். இடது காலைத் தரையில் ஊன்றாமல் வந்தார். யார் அடித்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எதுவும் சொல்லவில்லை. வெந்நீர் கேட்டார். குளித்துவிட்டுப் படுத்தார். சரிதா அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

“அப்பா, என்னப் பத்திக் கேட்டாங்களா?”

“இல்ல புள்ள. ஒன்ன எதுக்குக் கேக்கணும்?”

அவர் சொன்னது நிஜமா, அவளைக் காப்பாற்றச் சொன்னதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பதினோரு வருஷம் கழித்து வடிவேல் இறந்துபோனார். அதுவரை விந்தி விந்தித்தான் நடந்தார்.

தேர்தல் முடிந்தது, மழை இறங்கியது, ஜீப்புகள் குறைந்தன. கருப்புசாமி ஆடி மாதம் ஆளனுப்பினார். சரிதா மறுபடி கடைக்குப் போனாள். ஆனால் ஏழாவது நோட்டு வரையவில்லை. லயத்துப் பெண்கள் கேட்டால் கண் வலிக்கிறது என்றாள். இரண்டு வருஷத்தில் விமல் என்ற டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு சேரங்கோட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தாள். கடைத்தெருவில் அவள் பேசுவதைக் கேட்டால் கோயமுத்தூர்க்காரி என்றுதான் நினைப்பார்கள். மகள் தாரிணிக்குக்கூட, அம்மா வீட்டுக்குள் ஒரு மாதிரியும் வெளியில் ஒரு மாதிரியும் ஏன் பேசுகிறாள் என்று வெகுகாலம் புரியவில்லை.

போன வருஷம் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கப் படிவம் கொண்டுவந்தார்கள். வந்த பெண் சிரித்த முகமாகத்தான், “அம்மா, பழைய லிஸ்ட்ல உங்க பேரு இருக்கா? பார்த்து எழுதிக் குடுங்க, அடுத்த வாரம் வாறேன்” என்றாள். சரிதா அந்த ஒரு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை. தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் பழைய காகிதங்களையெல்லாம் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிவம் கொடுத்த பிறகும், பட்டியல் வந்துவிட்டதா என்று தாரிணியைத் தினமும் கேட்டாள்.

வந்தது. தாரிணி போனில் தேடிப் பார்த்துவிட்டு, “பேரு இருக்கும்மா. ஆனா அப்பா பேர விமலுக்குப் பதிலா விமலான்னு அடிச்சிருக்காங்க. ஒரு மனு எழுதிப் போட்டா திருத்திருவாங்க” என்றாள்.

“வேண்டாம் சாமி” என்றாள் சரிதா. “இருக்கறபடியே இருக்கட்டும். போய் ஒண்ணும் கேக்காத.”