நெகட்டிவ் இல்லாத கேமரா

1. வானமும் ஒரு காக்காயும்

சார் என் மேசைமேல் படங்களைப் பரப்பினார்.

"குமுதா, இதுல விரிசல் எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்."

அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் இடி விழுந்து ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. கீழே நின்று நான் எடுத்த படங்கள் அவை. வானம் நன்றாக விழுந்திருந்தது. பறந்துகொண்டிருந்த காக்காய்கூடத் தெளிவாக இருந்தது. தொட்டி மட்டும் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

எங்களுடையது தேனாம்பேட்டையில் ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர் அலுவலகம். சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். இன்சூர் செய்த பொருள் சேதமானால் போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு, எதனால் வந்தது என்று ரிப்போர்ட் எழுதுவது எங்கள் வேலை. ரிப்போர்ட்டில் பாதி பலம் போட்டோவில் இருக்கிறது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதனால் என் பெயர் போட்ட வேலையில் காக்காய் மட்டும் தெரிந்தது எனக்கு மிகவும் உறைத்தது.

"மேல ஏறிப் பார்த்திருக்கலாமோன்னோ?" என்றார் சார்.

"புடவையோட அந்தக் கம்பி ஏணியிலயா சார்? நீங்க ஏறுங்க, நான் கீழேர்ந்து உங்களை எடுக்கறேன்."

சார் மயிலாப்பூர்க்காரர், கனத்த உடம்பு. சிரித்துவிட்டார். "அப்ப தூரத்துலேர்ந்தே கிட்டக்க காட்டற மாதிரி ஒண்ணு நீயே பார்த்துச் சொல்லு. டிஜிட்டல்னு என்னமோ வந்திருக்காமே. ஆனா ஒரு கண்டிஷன். எனக்கும் அதுல எடுக்க வரணும். எங்காத்துப் பேத்தி சபாவுல ஆடறா, நமக்கு எப்பவும் கடைசி வரிசைதான் கிடைக்கறது. நாலு பட்டனுக்கு மேல இருந்தா நான் தொடமாட்டேன்."

அலுவலகத்துக்கும் ஆகவேண்டும், வீட்டுக்கும் ஆகவேண்டும், சாருக்கும் புரியவேண்டும். இந்த மூன்றாவதுதான் கஷ்டம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

2. எதிர்ச் சாரி போர்டு

அண்ணா சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டார். விளக்கம் எல்லாம் சாரிடம் சொன்னார்.

முதலில் காட்டியது நீள லென்ஸ் மாட்டிய ஃபிலிம் கேமரா. படம் பிரமாதமாக வரும், ஆனால் அபெர்ச்சர், ஷட்டர், ஃபோகஸ் எல்லாம் நாமே வைக்கவேண்டும். சார் அதைத் தொடவே இல்லை.

அடுத்தது கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமரா. "இதுலயும் ஸூம் இருக்கு மேடம்" என்றார் அவர், சாரைப் பார்த்துக்கொண்டே. நான் வாசலுக்குப் போய், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பல் டாக்டர் போர்டைக் குறிவைத்தேன். ஸூம் பட்டனை அழுத்தினால் எழுத்து பெரிதாகத்தான் ஆனது, தெளிவாகவில்லை. கோலப்பொடி சிந்தியதுபோல் சதுரம் சதுரமாக உடைந்தது. லென்ஸ் அசையவே இல்லை. இருக்கிற படத்தையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கேமரா வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வராதீர்கள்.

மூன்றாவது, செங்கல் மாதிரி ஒன்று. பக்கவாட்டில் கம்ப்யூட்டர் ஃப்ளாப்பியை அப்படியே உள்ளே தள்ளவேண்டும். படம் அந்த ஃப்ளாப்பியிலேயே பதிவாகும். பின்னால் ஒரு சின்னத் திரை. ஸூம் பட்டனைத் தொட்டதும் உள்ளே லென்ஸ் நகரும் சத்தம் கேட்டது. பல் டாக்டர் பெயருக்குக் கீழே இருந்த பட்டம், பார்க்கும் நேரம் எல்லாம் திரைக்கு வந்தன.

"கேபிள், சாஃப்ட்வேர் ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் மேடம். ஃப்ளாப்பியை எடுத்து எந்த கம்ப்யூட்டர்ல போட்டாலும் படம் வந்துடும்." முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். விலையை மட்டும் சாரைப் பார்த்துச் சொன்னார்.

சார் முகம் கொஞ்சம் வாடியது. சாருடைய பழக்கத்தின் பேரில் திங்கட்கிழமை வரை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் சார் பையை என்னிடம் நீட்டினார்.

"நீ எடுத்துண்டு போ. உங்காத்துல எல்லாரும் எடுக்க முடிஞ்சா, எனக்கும் வரும்."

3. ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீடு ஊரூர் ஒல்காட் குப்பம். அம்மா மீன் விற்கிறவள். கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, ரேடியோ பொட்டி கணக்கா கீது?"

"படம் புடிக்கிற பொட்டிம்மா. இதை அழுத்தினா கிட்ட வரும். இதை அழுத்தினா படம். அவ்ளோதான்."

காலையில் அப்பாவும் சித்தப்பாவும் கரை திரும்பும் நேரம். கட்டுமரம் அலைக்கு அந்தப் பக்கம் புள்ளியாகத் தெரிந்தது. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். வெயிலில் திரை தெரியாததால் நான் முந்தானையை அவள் தலைக்குமேல் பந்தலாகப் பிடித்தேன். தூரத்தில் இருந்த அப்பா திடீரென்று திரைக்குள் வந்து நின்றார்.

"அடியே! உங்கொப்பன்டி!" என்று கத்தியவள் ஆட்டிவிட்டாள். முதல் படத்தில் கடல் சரிந்திருந்தது. "முழங்கையை இடுப்போட ஒட்டி வெச்சிக்கோம்மா" என்றேன். அடுத்த படத்தில் அப்பா துடுப்பை ஊன்றி நின்றார், முகத்தில் நீர்த் துளி உட்பட.

கரை ஏறியதும் அப்பா பார்த்தார். ஃப்ளாப்பி கர்ரென்று சுற்றி ஒவ்வொரு படமாகக் காட்டியது.

"இன்னாம்மே, நான் இவ்ளோ கூனிக்கினா நிக்கிறேன்?"

"கூனாம இன்னா, ராஜா மேரியா நிப்ப?" என்றாள் அம்மா. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கரையில் காத்திருந்தவள். நடுக்கடலில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தாள். பிற்பகலுக்குள் எங்கள் தெருவில் கேமராவைத் தொடாத பெண்கள் இல்லை.

திங்கட்கிழமை சாரிடம், "வாங்கலாம் சார். நான் கேரண்டி" என்றேன். என் வார்த்தையை நம்பி வாங்கினார்.

4. தி. நகரில் தொங்கிய போர்டு

அடுத்த புயலிலேயே வேலை வந்துவிட்டது. தி. நகரில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்த விளம்பர போர்டு சாய்ந்து, நடைபாதைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. போர்டும் அதைத் தாங்கிய இரும்புச் சட்டமும் ராயப்பேட்டை காதர் பாயுடையவை. அவர் அப்பா காலத்திலிருந்து போர்டு செய்கிற குடும்பம்.

பாலிசிப்படி காற்றில் முறிந்திருந்தால் பணம் உண்டு. துருப்பிடித்து விழுந்திருந்தால் கிடையாது. ஆகவே வெல்டிங் விட்ட இடத்தைப் பார்த்தாகவேண்டும். ஆனால் மொட்டைமாடிக்கு யாரையும் விடவில்லை. கீழே ஜனம் நடக்கிற இடம் என்பதால் மாலைக்குள் கேஸ் கட்டரால் அறுத்து இறக்கவேண்டும் என்று மாநகராட்சி ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அறுத்துவிட்டால் எது காற்று ஒடித்தது, எது கட்டர் அறுத்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"இன்னாம்மா, மேல போவாம எப்படிப் பார்ப்ப? பைனாக்குலர் கீதா?" என்றார் பாய்.

நான் எதிர்க் கட்டடத்து மாடிப்படி ஜன்னலுக்குப் போனேன். ஜன்னல் கட்டையில் கேமராவை ஊன்றி ஸூமைக் கடைசி வரை இழுத்தேன். முறிந்த வாய் பளபளவென்று புதிதாக இருந்தது. அதைச் சுற்றிப் பெயிண்ட் உரியவில்லை. சட்டத்தின் இரண்டு ஆங்கிள் கம்பிகள் காற்றடித்த திசையிலேயே வளைந்திருந்தன. துரு இல்லை. ஒரு ஃப்ளாப்பி நிறைய எடுத்தேன். கட்டர் பொறி பறந்ததுதான் அதில் கடைசிப் படம்.

5. "நெகட்டிவ் எங்க?"

படங்களைக் கலர் பிரிண்டரில் எடுத்து ரிப்போர்ட்டோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினோம். ரிப்போர்ட் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'நெகட்டிவ் இணைக்கப்படவில்லை' என்று இருந்தது.

எங்கள் தொழிலில் அது வழக்கம். போட்டோவோடு அதன் ஃபிலிம் நெகட்டிவையும் கவரில் போட்டு ஒட்டவேண்டும். கேமரா தேர்ந்தெடுத்தபோது எனக்கு எல்லாம் நினைவிருந்தது, இது மட்டும் இல்லை.

சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஷோரூம்ல திருப்பி எடுத்துப்பாளா, கேட்டுப் பாரேன்" என்றார். அந்த நேரம் பார்த்துக் காதர் பாய் உள்ளே வந்தார்.

"கிளெய்ம் வல்லைன்னா நான் சட்டம் நிறுத்த முடியாதும்மா. சட்டம் நிக்கலைன்னா அந்த மாடியை வேற ஆளுக்கு வுட்டுடுவேன்னு பில்டிங்காரன் சொல்றான். உன் பொட்டியை நம்பித்தானே தகராறு பண்ணாம கட்டர் வெக்க வுட்டேன்?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. "வாங்க பாய், போய்க் கேட்போம்" என்று ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

6. என் செருப்பு

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளெய்ம்ஸ் பார்ப்பவர் விசாலம் மேடம். கண்டிப்பானவர். என் பிரிண்டை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, ஓரத்தில் தேய்த்தார். வானம் நீலமாக அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"போட்டோன்னா இப்படி அழியுமா?"

"இது பிரிண்ட்தான் மேடம். படம் ஃப்ளாப்பியில இருக்கு."

"இருக்கட்டும். நெகட்டிவ்?"

"இதுல கிடையாது மேடம். நெகட்டிவ் எதுக்குன்னு சொன்னீங்கன்னா..."

"எதுக்கா? போன வருஷத்து லாரி படத்தை இந்த வருஷத்து ஆக்சிடென்ட்னு கொடுத்தான் ஒருத்தன். நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்து ஃப்ரேம்ல அவன் வீட்டுப் பொங்கல் பானை. ஒரு படம் பொய் சொல்லும் குமுதா, ஃபிலிம் ஸ்ட்ரிப் சொல்லாது."

அவர் கேட்டது நியாயம். அவருக்கு வேண்டியது பிளாஸ்டிக் சுருள் இல்லை, முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்பது.

"அப்படின்னா நல்ல படத்தை விடுங்க மேடம். இதுல இருக்கிற எல்லாத்தையும் வரிசையா பாருங்க."

கலர் மானிட்டர் மேனேஜர் அறையில் மட்டும் இருந்தது. அனுமதி கேட்டு உட்கார்ந்தோம். படங்கள் எடுத்த வரிசையிலேயே எண் போட்டு நின்றன. முதல் படம் ஈரமான தெரு. இரண்டாவது, நடைபாதையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்த காதர் பாய்.

"அய்யய்யோ, என்னையுமா புடிச்ச? சொல்லியிருந்தா சட்டை மாத்திக்கினு வந்திருப்பேனே!"

மூன்றாவது, மாடிப்படியில் தெரியாமல் அழுத்திய படம், என் செருப்பு. பிறகு ஜன்னல் கட்டை. முந்தானை பாதி மறைத்த வானம். கை ஆடியதால் மங்கிப்போன போர்டு. அதற்குப் பிறகு, ஒவ்வொன்றாகக் கிட்டே போய், முறிந்த வெல்டிங். கடைசியில் அதே சட்டத்தின்மேல் கேஸ் கட்டர் வைத்த ஆள், பறக்கும் பொறி.

மேடம் மறுபடி மூன்றாவது படத்துக்குப் போனார். "இது எதுக்கு?"

"தப்பா விழுந்தது மேடம். அழிக்க நேரமில்லை."

"அழிக்காதே" என்றார். செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பொய்ப் படம் ஜோடிக்கிறவன் செருப்பை வெச்சிருக்க மாட்டான்."

பிறகு மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து எனக்கு வழி சொன்னார். ஃப்ளாப்பியின் மூலையில் இருக்கிற சின்னத் தாழை நகர்த்தி, மேலே எதுவும் பதியாதபடி பூட்டவேண்டும். ஸ்பாட்டிலேயே கவரில் போட்டு ஒட்டி, கிளெய்ம் கேட்கிற பார்ட்டியும் சர்வேயரும் குறுக்கே கையெழுத்திடவேண்டும். இந்தத் தடவை பாய் அங்கேயே கையெழுத்துப் போட்டார். கவரின்மேல் மேடம் தன் கையாலேயே 'நெகட்டிவ்' என்று எழுதினார்.

கிளெய்ம் பாஸானது. பாயின் புதுச் சட்டம் தி. நகரில் நிற்கிறது. சார் சபாவின் கடைசி வரிசையிலிருந்து பேத்தியை எடுத்தார். பாதிப் படங்களில் முன்வரிசை மாமியின் கொண்டை. அதையும் அழிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேமரா வாங்கும்போது எடுப்பவருக்குச் சுலபமா என்று எல்லாரும் பார்க்கிறோம். அந்தப் படத்தை மேசையில் வாங்கி, நம்பிக் கையெழுத்துப் போடவேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அது சுலபமாக இருக்கவேண்டும். ஸ்பாட்டில் கை தவறி விழுந்த படத்தை அழிக்கிற பட்டன் இந்தக் கேமராவில் இருக்கிறது. நம் அலுவலகத்தில் அதை யாரும் அழுத்துவதில்லை.