தடுப்புக்கு அந்தப் பக்கம் என் அப்பா

தில்லி மயூர் விஹாரில் ஞாயிறுதோறும், குடிசைப் பகுதியைச் சேர்ந்த ஆறு தமிழ்ப் பெண்களுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுத்துவந்தேன். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு மாதிரியாக, என் முதல் இன்டர்வியூவில் நான் சொன்ன பதிலையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, சொல்லியும் காட்டினேன்.

ஒரு துணிக்கடையில் ஆள் எடுத்தார்கள். பிளைவுட் தடுப்புக்கு வெளியே நான் காத்திருந்தேன். முதலில் போனவள் செல்வி. “என் அப்பா மத்திய அரசில் கிளார்க். தினமும் காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்” என்று அவள் சொல்வது ஆங்கிலத்தில் கேட்டது.

“அச்சா, நெக்ஸ்ட்!” என்றார் மேனேஜர்.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். நான் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். என் அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அன்று அந்தத் தடுப்புக்குப் பின்னால் ஆறு முறை வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

“ஏன்டி, உன் வீட்டைப் பத்திச் சொல்லக் கூடாதா?” என்று செல்வியிடம் எரிந்து விழுந்தேன்.

“எங்க வீட்டப் பத்தி நீங்க கேக்கவே இல்லியேக்கா. இதத்தான் சொல்லணும் போலன்னு நெனச்சோம்.”

வேலை செல்விக்குக் கிடைத்தது. அந்தக் கடையில் அவள் இன்றும் என் அப்பாவின் மகள்தான். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: அவளுடைய அப்பாவின் பெயரை நான் இன்னும் கேட்கவில்லை.