சின்ன டார்ச்சுக்கு ஒரு பொட்டு

டார்ச் லைட் வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும், முதலில் அதை விற்கிறவள் கண்ணில்தான் அடித்துப் பார்ப்பார். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இது புரியும். திருவண்ணாமலை தேரடி வீதியில் பாய் ஒருவர் நடத்தும் எலக்ட்ரிக் கடை. அதில் டார்ச், எமர்ஜென்சி லைட் பக்கம் முழுக்க என் பொறுப்பு. குழந்தை தூங்கிவிட்டாள். கொஞ்ச நாளாகத் தூக்கம் இல்லாத எனக்கும் இன்றைக்குக் கண்ணைச் சுழற்றுகிறது; அதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டிலேயே ஒரு வாடிக்கையாளர்

என் கணவருக்குப் புதுச்சேரியில் வேலை. முதுகில் சிலிண்டரைக் கட்டி ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப் போய்க் காட்டிக் கூட்டி வரும் ஸ்கூபா டைவிங் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. அப்படி வந்திருந்த ஒரு நாள், "அடுத்த மாசத்துல இருந்து ராத்திரியும் இறங்கணும்" என்றார், சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி. பெரிய லைட்டைக் கம்பெனியே கொடுத்துவிடுமாம். அது தண்ணீருக்கு அடியில் அணைந்துபோனால் எடுத்துக்கொள்ள, நெஞ்சுப் பட்டையில் மாட்டும் சின்ன லைட் ஒன்றை அவரவர் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

அந்த 'அணைந்துபோனால்' என் காதை விட்டுப் போகவே இல்லை. அன்று மாலையே கடையில் இருப்பதிலேயே பெரிய டார்ச்சைக் கொண்டுவந்து நீட்டினேன். நிலக்கடலைக் காட்டில் பன்றி விரட்ட வாங்குவார்களே, அந்த ரகம். கையில் தூக்கி எடை பார்த்தார். "மேல வர்றதுக்கு வழி தெரிஞ்சா போதும்டி. இதைக் கட்டிக்கிட்டா நான் கீழயே இருந்துட வேண்டியதுதான்."

வாட்டர் ப்ரூஃப்

மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். எங்களிடம் வாங்கிய வாட்டர் ப்ரூஃப் டார்ச் அவர் கிணற்றில் விழுந்துவிட்டது. பாதாளக் கரண்டி போட்டு எடுத்திருக்கிறார். எரியத்தான் செய்தது. ஆனால் கண்ணாடிக்குள் பாதி வரைக்கும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மழைத்துளி படம் மட்டும் போட்டிருந்தது. எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்று ஒரு வரி இல்லை.

நாங்கள் கூசாமல் வாட்டர் ப்ரூஃப் என்று சொல்லி விற்பதெல்லாம் மழைக்குத்தான், கடலுக்கு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கடைச் சரக்கில் இருந்தே என் கணவருக்கு ஒன்றைக் கொடுத்து அனுப்பும் எண்ணத்தை அங்கேயே விட்டேன். விவசாயிக்கு வேறு டார்ச் மாற்றிக் கொடுத்தேன். அவர் பழையதை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எரியலன்னு நான் சொல்லல. ஆனா உள்ள மீன்குஞ்சு விடலாம் போல இருக்குதும்மா."

பௌர்ணமிக்குப் பௌர்ணமி

சென்னையில் டைவிங் சாமான் விற்கிற ஒருவரை பாய் போனில் பிடித்துக் கொடுத்தார். சார்ஜ் போடும் லைட்டா, செல் போடும் லைட்டா என்று கேட்டார் அவர். லைனிலேயே இருங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நேரத்தில்தான் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கும் அக்கா ஒருவர் சார்ஜ் லைட்டோடு படியேறி வந்தார். போன பௌர்ணமி வியாபாரம் முடிந்ததும் சார்ஜ் போட்டுப் பெட்டியில் வைத்தாராம். இந்தப் பௌர்ணமிக்கு எடுத்தால் மூச்சு பேச்சு இல்லை. நடுவில் ஒரு தடவை சார்ஜ் போட்டிருக்கணும் அக்கா என்று நான் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம்.

என்றைக்கோ ஒரு நாள் எடுக்கிற சாமான், அன்றைக்கு எரிந்தே ஆக வேண்டும். என் கணவருக்கு வாங்கும் லைட்டும் அதே ஜாதிதானே? புது செல் போட்டு வைப்பதே மேல் என்று சென்னைக்காரரிடம் சொன்னேன். அதற்குள் அக்கா கடையே சிரிக்கிற மாதிரி கேட்டுவிட்டார்: "மாசத்துல ஒரு நாள்தான் கூப்புடுறேன். அன்னைக்கும் எழுந்திருக்கலன்னா, இது லைட்டா, எங்க வீட்டுக்காரரா?"

பாத்திரம் கழுவும் கையுறை

பார்சலில் மூன்று வந்தன, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பலாம் என்று. மூன்றுமே ஆழம் தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. ஒன்று உள்ளங்கைக்கு மேல் நீளம். ஒன்றுக்குப் பட்டன் லேசாகப் பட்டாலே எரிந்தது; பையில் கிடந்தே செல் தீர்ந்துபோகும். மூன்றாவது என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிசு, தலையைத் திருகினால் எரிகிறது. கடலில் அவருக்கு ஒரு கைதான் காலியாக இருக்கும், கையுறை வேறு. அதனால் பாத்திரம் கழுவும் கையுறையை மாட்டி, கண்ணை மூடி, ஒரே கையால் அதைத் திருகிப் பழகிக்கொண்டிருந்தேன். உதடு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கான்வென்டில் படித்தவள், பயம் வந்தால் வாய் மாதாவைக் கூப்பிடும், முகம் மலைப் பக்கம் திரும்பும்.

கண்ணைத் திறந்தால் எதிரே பாய். "இன்னாம்மா, லைட்டு விக்கிறியா, வெடிகுண்டு எடுக்கிறியா?"

பொட்டு

எங்கள் வீட்டில் எந்தப் புது சாமானும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைக்காமல் உபயோகத்துக்கு வராது. மிக்ஸிக்கும் வைத்தோம், கேஸ் அடுப்புக்கும் வைத்தோம். அந்தத் திருகு லைட்டையே வைத்துக்கொண்டேன். புது செல் போடுவதற்காக நான் அதன் தலையைக் கழற்றி வைத்திருந்தேன். என் மாமியார் பயபக்தியோடு இரண்டு துண்டுக்கும் தனித்தனியாகக் குங்குமம் வைத்தார். நானும் கும்பிட்டுவிட்டு, மூடி, பக்கெட் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால், கண்ணாடிக்குள் ரோஸ் கலரில் ஒரு சொட்டு.

பக்கெட்டிலேயே இப்படியென்றால் கடலில்? என் கணவருக்குப் போன் போட்டேன். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு முடி இருந்தாலே போதுமாம், தண்ணீர் உள்ளே வந்துவிடுமாம். குங்குமம் அதில் உட்கார்ந்திருக்கிறது. அவர் சொன்னபடி துடைத்து, காயவைத்து, பார்சலில் வந்த கிரீஸைத் தடவி, வேறு செல் போட்டேன். அன்று ராத்திரி முழுக்க பக்கெட்டில் கிடந்தது. காலையில் உள்ளே ஈரமே இல்லை. மாமியார் சமையலறை வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கு என் கணவர் ஒரே பிள்ளை. கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. லைட்டில் தொங்கிய கயிற்றைக் காட்டி அவரே சொன்னார்: "சாமிக்கு எதுல வெச்சாலும் தெரியும்மா. இனிமே கயித்துல வெக்கிறேன்."

நேற்று

அடுத்த தடவை வீட்டுக்கு வந்த என் கணவர் அந்த லைட்டை எடுத்துப் போய், முதலில் ஒரு பகலில் ஆழம் கம்மியான இடத்தில் இறக்கிப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. நேற்று இருட்டியதும் முதல் தடவையாக இறங்கினார். நான் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாய் எது, மூக்கு எது என்றே எனக்குத் தெரியவில்லை. போன் அடித்தபோது மாமியாரும் நானும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம்.

எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். பின்னால் லாரி ஹாரன், யாரோ டீ கேட்கிற சத்தம். லைட் என்ன ஆச்சு என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார்: "பெரிய லைட்டு பாதியில நின்னுடுச்சு, சின்னதைப் போட்டு எல்லாரையும் மேல கூட்டிட்டு வந்துட்டேன். நாளைக்கு வரும்போது மீன் வாங்கிட்டு வரட்டா?"

இன்று காலையும் ஒரு வாடிக்கையாளர் புது டார்ச்சை நேராக என் கண்ணில்தான் அடித்தார். எரிகிறதே, அது போதும் என்று நான் சிரித்ததில் அவர்தான் பயந்துபோய் வாங்காமலே போய்விட்டார்.