சனி என்றால் குப்பை

கம்ப்யூட்டரில் வரும் வேண்டாத கடிதத்தை அழிப்பது சுலபம். அதை அனுப்பியவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில், காரைக்காலில் எங்கள் அலுவலகத்துக்கு யூனிக்ஸ் மெஷின் ஒன்று வந்தது, எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரே கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில்.

பத்துப் பேருக்கு

ஒரு காலை மெஷின் நகரவே இல்லை. பார்த்தால், எல்லோருடைய தபால் பெட்டியிலும் ஒரே கடிதம். சனி பகவான் மகிமை. பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கஷ்டம் வருமாம். கிடைத்தவர்கள் எல்லோரும் பயந்துபோய் ஆளுக்குப் பத்தாக மறுபடி அனுப்பியதில் மெஷினில் இடமே நிரம்பிவிட்டது. ஆரம்பித்து வைத்தவர் கேஷியர் கலியபெருமாள். ஏன் சார் இப்படி என்று கேட்டேன்.

"என்னை விட்டா ஆபீஸ்ல எட்டுப் பேர்தான் இருக்கீங்க. மீதி ரெண்டையும் மேனேஜருக்கே அனுப்பிட்டேன், தம்பி."

வடிகட்டி

மேனேஜர் கொதித்துப் போனார். உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அப்போதெல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். 'sani' என்று வந்தால் போதும், கடிதம் தனியாக ஒரு குப்பைக் கோப்புக்குப் போய்விடும். தபால் பெட்டிகள் சுத்தமாயின. பெருமையாகப் போய்ச் சொன்னேன். மேனேஜர் யோசித்தார்.

"குப்பைக்குப் போனதையெல்லாம் தினம் ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க. எனக்கு என்ன வரலைன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

வசந்தா

வசந்தா எங்கள் டைப்பிஸ்ட். சுரக்குடிப் பெண். நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. வீட்டில் நடவு என்று வியாழன், வெள்ளி லீவு போட்டிருந்தாள். வெள்ளி மதியம் பாண்டிச்சேரி தலைமை அலுவலகத்திலிருந்து போன்.

"வசந்தா நாளைக்கு வர்றாங்கல்ல? வேலை நிரந்தரத்துக்கு நேர்காணல். திங்கட்கிழமையே கம்ப்யூட்டர்ல கடிதம் போட்டோமே!"

குப்பைக் கோப்பைத் திறந்தேன். கிடந்தது: 'sanikkizhamai kaalai pathu mani.' சனிக்கிழமை. மேனேஜருக்குப் பிரிண்ட் கொடுத்திருந்தேன். அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சைக்கிளை எடுத்தேன். திருநள்ளாறு தாண்டிச் சுரக்குடி போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வயலில் முழங்கால் சேற்றோடு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த நாற்றுமுடி நழுவியது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ விறுவிறுவென்று வரப்பேறி, "சர்டிபிகேட்டெல்லாம் அத்தை வீட்டுப் பெட்டியில இருக்கு சார், தருமபுரத்துல. கொஞ்சம் வாங்கிட்டு வந்துருங்களேன்" என்றாள். மறுபடி சைக்கிள். இருட்டுவதற்குள் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். போய்வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது, வேலை நிரந்தரம். இனிப்பு டப்பாவோடு என் மேஜைக்கு வந்தாள்.

"எடுத்துக்கங்க சார். ஆனா இனிமே எனக்கு வர்றதை வடிகட்டாதீங்க. குப்பையா இருந்தாலும் நானே படிச்சுக்கறேன்."

அந்த மெஷினோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டி நான் கற்றது, வேண்டாத கடிதம் எது என்பது அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்பதுதான்.