ஒகேனக்கல் பாறையில் மெக்சிகோக்காரரின் கணக்கு

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் எண்ணெய்க் குளியலுக்கும் மீன் வறுவலுக்கும் பரிசலுக்கும் போவார்கள். நான் முதல்முறை போனது பூமியின் இழுப்பை அளக்க. சிரிக்காதீர்கள். 1974 நவம்பர், ஒரு வியாழக்கிழமை. எனக்கு இருபத்தாறு வயது. தர்மபுரியில் ஒரு கல்லூரி இயற்பியல் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். மெக்சிகோவிலிருந்து வந்திருக்கும் விஞ்ஞானிக்கு ஒருநாள் கூடப் போய் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று பிரின்சிபால் கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் கூரையைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன்.

அவர் பெயர் இக்னாசியோ. எங்களுக்கு மெக்சிகோ சார். ஐம்பத்தெட்டு வயது, கறுத்த நிறம், வேட்டி கட்டிவிட்டால் பாலக்கோடு சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டாக்ஸி ஓட்டியவர் தர்மபுரி பாஷா பாய். அம்பாசடர், பெட்ரோலோடு நாள் வாடகை தொண்ணூறு ரூபாய். டிராவலர்ஸ் பங்களா வாசல் கல்லில் பெட்டியை வைத்து, காலை 6.10க்கு முதல் அளவு எடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

பெட்டி என்றால் பால் கேன் உயரத்துக்கு ஒரு கருவி. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் துளி எடை. பூமி கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் எடை கீழே போகும். மேலே உள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு நகர்வது தெரியும். ஸ்பிரிங் நேரம் ஆக ஆகத் தளரும் என்பதால் அன்றைக்கே தொடங்கிய இடத்துக்குத் திரும்பி, மறுபடி அளந்து, தளர்ந்ததைக் கழிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் அன்றைய அளவு அத்தனையையும் கிழித்துப் போடுவேன் என்றார். மறுநாள் காலை பெங்களூரில் அவருக்கு விமானம்.

மாரண்டஹள்ளி வரை 38 கிலோமீட்டர். வழியெல்லாம் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறந்தது ஒரு வெள்ளிச் சுரங்க ஊர், அப்பா சுரங்கத் தொழிலாளி. எஞ்சினியரிங் படிக்கப் போய், அது போதாமல் இயற்பியல், அதற்குக் கணக்குப் போதாமல் கணிதம் என்று மூன்றையும் படித்திருக்கிறார். பிறகு ஒரு சுரங்கக் கல்லூரியில் வாத்தியார் வேலை. மேட்டுநிலங்களுக்கு அடியில் லேசான பாறை ஆழமாக இறங்கியிருப்பதால் இழுப்பு எவ்வளவு குறையும் என்று ஒரு சூத்திரம் கண்டுபிடிக்க இருபது வருஷம் ஆனதாம். வெளிநாட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர் மலைக்கு வேண்டுமானால் பொருந்தும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதனால்தான், அவர் ஊர் மலையோடு எந்த உறவும் இல்லாத எங்கள் கிழட்டுப் பாறையைத் தேடி வந்திருந்தார். தர்மபுரி மேட்டுக்கும் ஒகேனக்கல் பள்ளத்துக்கும் இழுப்பில் எவ்வளவு வித்தியாசம் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அது பொய்த்தால் ஊருக்குப் போய் சூத்திரத்தை மூட்டை கட்டிவிடுவதாக முடிவு.

மாரண்டஹள்ளியில் பெட்டியை இறக்கியதுமே கூட்டம் கூடிவிட்டது. நம் மாவட்டத்தில் கருவியோடு எவன் வந்தாலும் அவன் தண்ணீர் பார்க்கிறவன்தான். ஒரு விவசாயி என்னை விடவே இல்லை.

“எங்க வூட்டுக் கெணறு ரெண்டு வருசமா வறண்டு கெடக்குதுங்கம்மா. எந்தப் பக்கம் தோண்டலாம்னு தொரையக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.”

தண்ணீர் இல்லை, பூமி எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கிறார் என்று விளக்கினேன்.

“இழுக்கறது இழுக்கட்டுங்க. தண்ணி இருக்குதா?”

மொழிபெயர்த்துச் சொன்னேன். தன் ஊரிலும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள் என்று மெக்சிகோ சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாலக்கோடு திரும்பி, பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம். அங்கே இன்னொரு அளவு, ஒரு டீ. மலைப்பாதையில் இறங்கி ஒகேனக்கல் சேர்ந்தபோது மணி 11.40. அருவிக்குப் பக்கத்துப் பாறையில் உயரம் பொறித்த சர்வே கல் இருந்தது. அதன் அருகில் பெட்டியை வைத்துக் கண்ணாடியில் பார்த்தவர் முகம் சுண்டிப்போனது. கோடு நிற்கவில்லை. அருவி விழுகிற வேகத்தில் பாறையே நடுங்கிக்கொண்டிருந்தது.

காத்திருந்தோம். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. காவிரி யாருக்காக நிற்கும்? கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்றேன். தள்ளினால் அந்த இடத்தின் உயரம் தெரியாது, உயரம் தெரியாமல் சூத்திரத்துக்கு வேலையில்லை என்றார். பாய் வாங்கி வந்த மீனை அவர் தொடவே இல்லை. இரண்டரைக்குப் பெட்டியை மூடிவிட்டு, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

நான் சும்மா இருக்க மாட்டாமல் பெட்டியைத் திறந்து கண்ணாடியில் குனிந்தேன். கோடு இடமும் வலமுமாக ஆடியது. எங்கேயோ பார்த்த ஆட்டம். அட, எங்கள் லேப் தராசின் முள்! முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் முள் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டே பீரியடை ஓட்டுவார்கள். நிற்க விடாதே, இந்தப் பக்கம் எங்கே திரும்புகிறது, அந்தப் பக்கம் எங்கே திரும்புகிறது என்று எழுதி சராசரி எடு என்று தொண்டை வற்றக் கத்துவதுதான் என் பிழைப்பு.

“சார், அது நிக்க வேண்டாம். ஆடட்டும். ரெண்டு பக்கமும் எழுதி சராசரி எடுக்கலாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவு பெரிய மனிதருக்குப் பாடம் எடுக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது.

என்னையே பார்த்தார். பிறகு நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். முப்பது வருஷமாக அசையாத தரையில் அளந்தே பழகிய கை, பள்ளிக்கூடப் பாடத்தை மறந்துவிட்டது என்றார்.

அவர் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். பார்த்துப் பார்த்து அவர் கண்ணில் நீர் வழிந்தபோது நான் கண்ணாடியில் குனிந்தேன், அவர் எழுதினார். பாய் நின்றுகொண்டு குளிக்க வந்தவர்களை எல்லாம் சுற்றிப் போகச் சொன்னார். இருநூறு ஜோடி எண்கள். முடித்தபோது மணி 3.55. தர்மபுரி 46 கிலோமீட்டர், பாதி மலை ஏற்றம், கெடு 6.10.

“சார உக்காரச் சொல்லுங்கம்மா, கொண்டுபோய் உட்டுர்றேன்” என்றார் பாய்.

பென்னாகரம் தாண்டி ஓர் ஆட்டு மந்தை பன்னிரண்டு நிமிஷம் தின்றது. இருந்தும் 5.50க்கு பங்களா வாசலில் நின்றோம். 6.02க்குக் கடைசி அளவு. படியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தவர் பாதியில் பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் கழித்தேன். நம்பாமல் மறுபடி கழித்தேன். அவர் முன்பே எழுதி வைத்த எண்ணுக்கும் எனக்கு வந்த எண்ணுக்கும் இடையே இருந்த வித்தியாசம், அந்தக் கருவி செய்யக்கூடிய பிழையைவிடச் சிறியது.

“பொருந்துதுங்க சார்” என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு அது புரிந்தது. “என் மலைக்கு மட்டும் இல்லை” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, எழுந்து பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பாய்க்குக் கணக்கு தெரியாது, ஆனால் அவரும் அழுதார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒதுக்கியவர்களே பிறகு அவரைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். சூத்திரம் பாடப் புத்தகத்தில் ஏறியது. கடைசிவரை சுரங்கக் கல்லூரியை விடாமல், தன் ஊரிலேயே நிம்மதியாக இறந்தார்.

நீங்கள் போவதாக இருந்தால்: மழைக்குப் பின், நவம்பர் முதல் ஜனவரிவரை நல்லது. தண்ணீர் மிதமிஞ்சினால் பரிசல் ஓடாது, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுங்கள். அருவிப் பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள், அந்த நடுக்கம் உள்ளங்காலில் ஏறும். சர்வே கல் இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் அளந்ததற்கு அடுத்த வருஷம் தபாலில் அவருடைய கட்டுரை அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். அதற்குக் கீழே, தர்மபுரி.